மிச்சிகனில் பழைய மஸ்டாங்: இன்ஜினை விடுங்கள், தகரத்தைப் பாருங்கள்

கேள்வி: “டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் இருந்தவர், அதனால் சின்ன வயதிலிருந்தே எனக்கு வண்டிப் பைத்தியம். 60-களின் ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றை வாங்கி நானே சரிசெய்து ஓட்ட ஆசை. எச்-1பி விசா. அபார்ட்மென்டில் இருக்கிறேன், கராஜ் இல்லை. வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?”

தம்பி, தாராளமாக வாங்கலாம். விசாவைப் பற்றிய கவலை வேண்டாம். சொந்தமாக ஓட்ட ஒரு வண்டியை வாங்கிச் சரிசெய்வதில் சிக்கல் இல்லை. ஆனால் வாங்குவது, புதுப்பிப்பது, லாபத்துக்கு விற்பது என்று அதைத் தொழிலாக ஆக்கிவிடாதீர்கள், அதற்கு எச்-1பியில் இடமில்லை. கராஜ்தான் உண்மையான தடை. பெரும்பாலான அபார்ட்மென்ட் ஒப்பந்தங்களில் பார்க்கிங்கில் வண்டியைப் பிரித்துப் போட விடமாட்டார்கள். பழைய கார்களுக்கென்று உள்ள இன்சூரன்ஸ் நிறுவனங்களும் பூட்டக்கூடிய கராஜ் இருக்கிறதா, தினசரி ஓட்ட வேறு கார் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கும். ஆகவே முதலில் கராஜ், அப்புறம் கார். இங்கே குளிர்காலம் நீளமானது, ஹீட்டர் வைத்த கராஜ் கிடைத்தால் அந்த மாதங்கள் முழுக்க வேலை நடக்கும்.

மஸ்டாங் என்று நீங்கள் சொன்னது நல்ல தேர்வு. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானபோது அதன் ஆரம்ப விலை 2,368 டாலர். ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடித்தளத்தின் மேல் கட்டியதால்தான் அந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது. 1965, 66 ஆகிய இரண்டு மாடல் ஆண்டுகளில் மட்டும் 12 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அத்தனை வண்டி ஓடியதால் இன்றும் கதவு ரப்பரிலிருந்து தரைத் தகடு வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள், முழு பாடியே புதிதாகக் கிடைக்கிறது. அபூர்வமான வண்டியை வாங்கி ஒரு சின்ன கிளிப்புக்காக மாதக்கணக்கில் அலைவதெல்லாம் முதல் வண்டிக்கு வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். வண்டி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்கிறார்கள். இன்ஜினைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டிவிட்டால் யாரும் கற்றுக்கொண்டு செய்யலாம், உதிரி பாகமும் மலிவு. பணத்தையும் வருடங்களையும் தின்பது தகரம். இந்த மஸ்டாங்குக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, தரையும் பக்கவாட்டுப் பெட்டிகளும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. தரை துருப்பிடித்தால் எலும்பே போய்விட்டது என்று அர்த்தம். நம் மாநிலத்தில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள், டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது! இங்கேயே வாழ்ந்த வண்டியையும் அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்தில் வாழ்ந்த வண்டியையும் பக்கத்தில் நிறுத்தி அடியில் படுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வெயிலில் வெளுத்த பெயின்ட்டும் கிழிந்த சீட்டும் இருக்கும் அரிசோனா வண்டியைத்தான் நான் எடுப்பேன். லாரியில் ஏற்றி வரும் செலவு வெல்டிங் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பார்க்கப் போகும்போது ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில், காற்று உள்ளே போகச் சின்னச் சின்னப் பிளவுகள் இருக்கும். அதற்குக் கீழே இரண்டு தகடுகளை ஒட்டிய ஒரு குழிவான அறை. 60 வருட இலைச் சருகு அங்கே சேர்ந்து, ஈரம் தங்கி, அடித் தகடு அரித்துப்போகும். விற்பவரிடம் கேட்டுவிட்டு, இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று தண்ணீரை ஊற்றுங்கள். ஊற்றும்போது கூட வந்தவர் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். நல்ல வண்டியில் தண்ணீர் முன் மட்கார்டுக்குப் பின்னால், கதவுக்கு முன்புறமாக, வெளியே வடியும். கெட்டுப்போன வண்டியில் டிரைவர் கால் வைக்கும் இடத்தில் சொட்டும். அதைச் சரிசெய்ய மட்கார்டு, பானெட், கண்ணாடி எல்லாம் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்க வேண்டும். சொட்டுகிறதென்றால், விலை எவ்வளவு குறைத்தாலும் முதல் வண்டியாக அதை எடுக்காதீர்கள்.

அடுத்தது டிக்கி. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்கின் மேல்பகுதியே டிக்கியின் தரை. பாயை விலக்கி, டேங்கைச் சுற்றியுள்ள விளிம்பைத் தடவிப் பாருங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் துணி சுற்றிய ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. நம் ஊரில் டிங்கரிங் பட்டறையில் பட்டி பூசி மறைப்பது போலத்தான் இங்கேயும் மறைக்கிறார்கள், மேலே பெயின்ட் மட்டும் பளபளவென்று இருக்கும்.

பிறகு வின் நம்பர், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் ஆலை தரும் தனி அடையாள எண். பானெட்டுக்குள், டிரைவர் பக்க மட்கார்டின் உள் தகட்டில் அடித்திருப்பார்கள். டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு மியூசியத்துக்கு ஒருமுறை போங்கள். 5-எஃப்-08-எஃப்-100001 என்ற வெள்ளை மஸ்டாங் அங்கே நிற்கிறது. 5 என்றால் 1965 மாடல், முதல் எஃப் டியர்பார்ன் ஆலை, 08 கன்வர்ட்டிபிள் (மடக்கும் கூரை), அடுத்த எஃப் 260 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், கடைசியில் வரிசை எண். மஸ்டாங்கின் முதல் வரிசை எண் அதுதான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு விமானி அறிமுக நாளுக்கு முன்பே அதை வாங்கிவிட்டார். புதிய மஸ்டாங் ஒன்றை அவருக்குக் கொடுத்துத்தான் 1966-இல் ஃபோர்டு அதைத் திரும்பப் பெற்றது.

ஐந்தாவது இடத்தில் உள்ள எழுத்துதான் ஏமாற்றைக் காட்டிக்கொடுக்கும். 1965, 66 வண்டிகளில் அது ‘டி’ (டெக்சாஸின் டி) என்றால் ஆலையிலிருந்து ஆறு சிலிண்டரோடு வந்தது. ‘சி’ என்றால் 289 வி8. ‘டி’ வண்டியில் வி8 உட்கார்ந்திருந்தால் அதுவே குற்றமில்லை, பலரும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் சக்கரத்தில் எத்தனை நட்டு என்று எண்ணுங்கள். ஆறு சிலிண்டருக்கு நான்கு, வி8-க்கு ஐந்து. வி8 இன்ஜினும் நான்கு நட்டும் சேர்ந்திருந்தால், இன்ஜினை மட்டும் இறக்கிவிட்டு பிரேக்கையும் ஆக்சிலையும் பழையபடி விட்டிருக்கிறார்கள். ஓட்ட ஆபத்தான வண்டி அது.

என்னைக் கேட்டால், துரு இல்லாத ஆறு சிலிண்டர் கூபே (நிலையான கூரையுள்ள இரண்டு கதவு வண்டி) வாங்குங்கள். பலரும் அதைச் சீண்ட மாட்டார்கள், அதனாலேயே விலை குறைவு. இன்ஜினைச் சுற்றிக் கை நுழைய நிறைய இடம் இருப்பதால் கற்றுக்கொள்ளவும் சுலபம். வாங்கியதும் பெயின்ட்டுக்குப் போகாதீர்கள், முதல் வேலை பிரேக். 1966 வரை, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் முன்னால் டிஸ்க் பிரேக்கும் போடுங்கள். பழைய டிரம்மைக் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நனைத்துத் துடைக்க வேண்டும்.

கஸ்டமைஸ் செய்வதில் நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வேன். நாளைக்குத் திருப்பிப் போட முடிகிற மாற்றங்களைச் செய்யுங்கள். டிஸ்க் பிரேக், எலக்ட்ரானிக் இக்னிஷன், நல்ல ரேடியேட்டர், இதெல்லாம் வண்டியை ரோட்டில் வாழவைக்கும். துரு இல்லாத அசல் பாடியை வெட்டித் திருத்துவது எனக்குத் தாங்காது. அதில்தான் ஆர்வம் என்றால், ஏற்கெனவே வெட்டுப்பட்ட வண்டி நிறைய இருக்கிறது, அதை எடுங்கள். குளிர்காலக் கடைசியில் டெட்ராய்ட்டில் நடக்கும் ஆட்டோராமா என்ற கஸ்டம் கார் கண்காட்சியில் மேல்தளத்துப் பளபளப்பைப் பார்த்துவிட்டுக் கீழ்த்தளத்துக்கும் போங்கள். சொந்தக் கையால் கட்டிய வண்டிகள் அங்கே இருக்கும், கட்டியவரே பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பார்.

கருவியைப் பொறுத்தவரை, ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்பேனர் செட்டை ஒதுக்கி வையுங்கள். இந்த வண்டி முழுக்க அங்குல அளவு. 13-ஆம் நம்பர் ஸ்பேனர் 1/2 அங்குல நட்டில் சரியாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும், துருப்பிடித்த நட்டில் பலம் கொடுத்தால் தலை உருண்டுவிடும். வெல்டிங் கற்க ஆன் ஆர்பரில் உள்ள வாஷ்டனா கம்யூனிட்டி காலேஜ் போன்ற இடங்களில் வகுப்பு உண்டு.

நம்பர் பிளேட் எடுக்கும்போது, பழைய வண்டிகளுக்கான ஹிஸ்டாரிக் பிளேட் கேளுங்கள். கண்காட்சி, கிளப் நிகழ்ச்சி மாதிரியான ஓட்டத்துக்குத்தான் அது, ஆனால் ஆகஸ்ட் மாதம் முழுக்கச் சாதாரணமாக ஓட்டலாம். அந்த ஆகஸ்டின் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம். 1995-இல் ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கியது, இப்போது பான்டியாக் வரை சாலை முழுக்கப் பழைய வண்டிகள். இந்த ஊரில் எனக்கு நெருக்கமான நண்பர்கள் பலரை ஆபீஸில் சம்பாதிக்கவில்லை, அந்தச் சாலையோரத்தில் திறந்த பானெட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று பேசித்தான் சம்பாதித்தேன். ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளிகள் நிறையப் பேர் வருவார்கள். உங்கள் அப்பாவும் ஃபோர்டில் இருந்தவர் என்று மட்டும் சொல்லுங்கள், உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார்கள். வண்டி வாங்கும் முன்பே போய்ப் பேசுங்கள். நல்ல வண்டி எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஏதாவது வண்டி அமைந்தால் பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு வின் நம்பரையும் அடிப்பக்கப் படங்களையும் அனுப்புங்கள். சனிக்கிழமை என்றால் நானே கூட வருகிறேன். உங்களிடம் தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஜாக் ஸ்டாண்ட் இருக்காது, என்னுடையதை எடுத்துவருகிறேன். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.