நிறுவனங்களை அரசு மீட்டபோது, கொடுத்த தொகையைவிட உயரதிகாரிகளின் சலுகைகள் ஏன் மக்களை அதிகம் கொதிக்கவைத்தன?

2008 நிதி நெருக்கடியில் அமெரிக்க அரசு ஒப்புதல் பெற்ற 70,000 கோடி டாலர் சாதாரண மனிதரின் கற்பனைக்கு எட்டாதது. தனி விமானமோ எவருக்கும் புரியும். அவ்வாண்டு நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் நிறுவனங்களின் தலைவர்கள் நிறுவன விமானங்களில் வாஷிங்டனுக்கு வந்து கடனுதவி கோரியது அதனாலேயே கேலிக்குள்ளானது. டிசம்பரில் அவர்கள் காரிலேயே வந்து சேர்ந்தனர்.

ஆனால் உண்மையில் சிக்கலானது ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தின் விவகாரம். பெரும் இழப்புக்குக் காரணமான அதன் நிதிப் பிரிவின் ஊழியர்களுக்கு, 2009 மார்ச்சில் ஏறத்தாழ 16.5 கோடி டாலர் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. அரசிடமிருந்து நிறுவனம் பெற்ற மீட்பு உதவியில் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். எனினும், நிறுவனத்தின் ஏறத்தாழ 80 விழுக்காடு பங்கு அப்போது அரசின் கையில் இருந்ததால், தாங்கள் வேலையையும் வீட்டையும் இழந்துகொண்டிருக்கும்போது தங்கள் வரிப்பணம் தவறு செய்தவர்களுக்கே பரிசாகப் போவதாக மக்கள் கருதினர். அதை வெறும் பொறாமை என்று ஒதுக்குவது நியாயமன்று.

மீட்புக்கு முன்பே கையெழுத்தான ஒப்பந்தங்களை மீற முடியாது என்று நிறுவனம் வாதிட்டது. சட்டப்படி அது வலுவான வாதமே. இருப்பினும், திவால் நீதிமன்றத்துக்குச் சென்றிருந்தால் அதே ஒப்பந்தங்கள் குறைக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதை அவ்வாதம் வசதியாக மறந்துவிடுகிறது. அத்தகைய ஊக்கத்தொகைக்கு 90 விழுக்காடு வரி விதிக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. செனட்டில் அது சட்டமாகாமலே நின்றுபோனது.