பாஸ்கல் முக்கோணத்தின் நடுவில் வண்ணம் மறைவது ஏன்?

கேள்வி: ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் தனக்கு மேலுள்ள இரு எண்களின் கூட்டுத்தொகை என அமைவது பாஸ்கல் முக்கோணம். பள்ளி மாணவர்களுக்காக, அதில் ஒற்றைப்படை எண்களுக்கு மட்டும் வண்ணமிட்டு, முக்கோணத்துக்குள் முக்கோணமாக வெற்றிடங்கள் அடுக்கும் சியர்பின்ஸ்கி முக்கோணம் உருவாவதை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் அசைவூட்டமாகச் செய்கிறேன். ஐம்பது வரிசைகளைத் தாண்டியதும் நடுப்பகுதி வெறுமையாகி, ஓரங்களில் மட்டும் வண்ணம் மிஞ்சுகிறது. எங்கே பிழை?

பதில்: வரையும் பகுதியில் பிழையில்லை, எண்களைச் சேமிக்கும் முறையில்தான் சிக்கல். ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகையில் 9,007,199,254,740,992 வரையிலான முழு எண்களே, அதாவது 2-இன் 53ஆம் அடுக்கு வரை மட்டுமே, ஒன்றுவிடாமல் அடங்கும். உச்சி வரிசையை 0 என்று எண்ணினால், 57ஆம் வரிசையின் மைய எண்கள் இந்த எல்லையைக் கடக்கின்றன. எல்லைக்கு அப்பால் சேமிக்கக்கூடிய முழு எண்கள் அனைத்துமே இரட்டைப்படை என்பதால், அங்கு வரும் ஒவ்வொரு ஒற்றைப்படை எண்ணும் பக்கத்து இரட்டைப்படை எண்ணாக மாறி வண்ணத்தை இழக்கிறது. ஆனால் 64ஆம் வரிசையில் இரு முனைகளைத் தவிர மற்றவை உண்மையிலேயே இரட்டைப்படைதான். ஆகவே 63ஆம் வரிசையை வைத்துச் சோதியுங்கள்: அதன் 64 எண்களும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும்.

தீர்வு எளிது. எண்ணை அப்படியே கூட்டாமல், 2-ஆல் வகுத்த மீதியை மட்டும் கூட்டுங்கள். மேலே உள்ள இரு கட்டங்களும் ஒரே நிறமானால் கீழ்க்கட்டம் வெறுமை, வேறுபட்டால் வண்ணம். எனக்கு இன்னும் பிடித்த வழி, 1878இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா வெளியிட்ட தேற்றம். வரிசை எண்ணையும், இடமிருந்து 0 முதல் எண்ணிய இட எண்ணையும் இரும முறையில் (0, 1 மட்டும் கொண்டு) எழுதி, இட எண்ணில் 1 உள்ள இடங்களிலெல்லாம் வரிசை எண்ணிலும் 1 இருந்தால் அந்தக் கட்டம் ஒற்றைப்படை. 6ஆம் வரிசை 110. 2ஆம் இடம் 010, பொருந்துகிறது, அங்குள்ள எண் 15. 3ஆம் இடம் 011, பொருந்தவில்லை, அங்குள்ள எண் 20. முதல் எட்டு வரிசைகளிலாவது இந்த இரும இலக்கங்களைத் திரையிலேயே காட்டுங்கள். உருவம் எண்களிலிருந்து எழுவதை மாணவர் கண்ணால் காண்பதுதான் இந்த அசைவூட்டத்தின் உயிர்.

ஓரத்தில் ஓர் எண்ணிக்கையும் ஓடட்டும். 64 வரிசைகளில் மொத்தம் 2,080 கட்டங்கள், வண்ணமுள்ளவை 729. 128 வரிசைகளில் 8,256-க்கு 2,187. வரிசைகள் இரட்டிக்கும்போது மொத்தக் கட்டங்கள் ஏறக்குறைய நான்மடங்காக, வண்ணக் கட்டங்கள் மும்மடங்கே ஆவதால், படம் வளர வளர வண்ணத்தின் பங்கு குறைகிறது.

கட்டத்தின் அகலத்தை 4 பிக்சல் போன்ற இரட்டை எண்ணாக வையுங்கள். வரிசைதோறும் அரைக்கட்டம் நகர்த்தும்போது விளிம்பு மங்காது. காணொளியாக மாற்றும்போது நிற வேறுபாடு வெளிச்ச வேறுபாட்டைவிட அதிகம் சிதையும் என்பதால், பச்சையின் மேல் சிவப்பைத் தவிர்த்து, வெள்ளையின் மேல் அடர்நீலத்தைப் பயன்படுத்துங்கள்.