கடல் கடந்த தமிழர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்களுடையது பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம். "வட்டிக்கடைக்காரர்களால்தான் நம்மை விரட்டினார்கள்" என்று வீட்டில் சொல்வார்கள். வட்டி ஒரு சமூகத்தையே விரட்டுமா?
— வாசகி, வியாசர்பாடி

பதில்: வட்டியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஐராவதி டெல்டாவின் சதுப்புக் காடுகளைத் திருத்தி வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு, கையில் பணம் வேண்டியிருந்தது. அதை நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நிலத்தின் மேல் கடனாகக் கொடுத்தார்கள். நெல் விலை நன்றாக இருந்தவரை தொல்லை இல்லை. 1930-ல் உலக மந்தத்தில் விலை சரிந்ததும் கடன் அடைபடவில்லை, நிலம் கைமாறியது. முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். போட்ட முதல் நிலத்தில் முடங்கிப் போனது அவர்களுக்கும் நஷ்டம்தான். ஆனால் வயலை இழந்தவர் கண்ணுக்கு, அந்நியர் தன் மண்ணைப் பறித்ததாகவே பட்டது. அது புரிந்துகொள்ளக்கூடிய கோபம்.

கூலி வேலையிலும் இதே கதை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்த இடத்தில் பர்மியர்களை அமர்த்தினார்கள். நிறுத்தம் முடிந்ததும் அவர்களை வெளியே அனுப்பினார்கள். கலவரம் வெடித்தது. கூலியைக் குறைத்து வைத்துக்கொள்ள இரு தரப்பையும் மோதவிட்டவர்கள் முதலாளிகள், அடிபட்டது கூலிக்காரன்.

1942-ல் ஜப்பானியர் நுழைந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்தே வந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். பர்மாவில் மிஞ்சியவர்களின் கடைகளை 1964-ல் ராணுவ அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. சேமிப்பு நோட்டாக இருந்ததால் ஒரே நாளில் கை வெறுமையானது. அப்படி வந்தவர்களுக்காக உருவானதுதான் பாரிமுனை பக்கத்து பர்மா பஜார். இன்று அங்கே சாப்பிடும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ், அந்தப் பயணத்தில் மிஞ்சிய சுவை.

கேள்வி: ஒப்பந்தக் கூலி, கங்காணி முறை — என்ன வேறுபாடு?
— கல்லூரி மாணவர், ராயபுரம்

பதில்: ஒப்பந்தக் கூலி 5 ஆண்டுக்கு முதலாளியிடம் கையெழுத்திட்டவர். கங்காணி ஆளோ கையெழுத்தில்லாமல் கடனால் கட்டுண்டவர். கங்காணி என்பவர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து மேற்பார்த்தவர்; ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து, வழிச்செலவையும் கணக்கில் ஏற்றி, குடும்பத்தோடு அழைத்துப் போவார். தினமும் எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ, அத்தனை தலைக்கு அவருக்குத் தோட்டத்திலிருந்து காசு உண்டு. இலங்கையில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது: கங்காணியின் கூட்டம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று தோட்டத் துரை எழுதிக் கொடுப்பார், அந்தத் தொகையைக் கட்டும் தோட்டம் கூட்டத்தை எடுத்துக்கொள்ளும். ஆளோடு கடனும் கைமாறும். 1921-ல்தான் இதை ஒழித்தார்கள்.

இவ்வளவு உழைத்த மக்களில் பெரும்பாலோர், 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர்களில் ஒருவரிடமும் விருப்பம் கேட்காமல் போட்ட கணக்கு அது.

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள உறவினர்கள் கொள்ளுத் தாத்தாவின் ஊரைக் கேட்கிறார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்குமா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: எழும்பூரில் தொடங்காதீர்கள், டர்பனில் தொடங்குங்கள். 1860-ல் சென்னையிலிருந்து 342 பேருடன் போன 'ட்ரூரோ' கப்பல் முதல் 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டால் காலனியில் ஒப்பந்தக் கூலியாக இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்தக் காலனி எண்தான் திறவுகோல். பிள்ளைகளின் பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் பெற்றோரின் எண் இருக்கும். முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள். எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் எல்லாம் வரும்.

குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். முனுசாமி 'மூன்சாமி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். தகப்பன் பெயரே குடும்பப் பெயரானதால், அண்ணன் தம்பி பேரப்பிள்ளைகளுக்கே வேறு வேறு பெயர் இருக்கலாம்.

கிராமப் பெயரை குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். உரக்க வாசித்துப் பாருங்கள். பிறகு தாலுகாவைப் பிடியுங்கள். ஜில்லாவை நம்ப வேண்டாம். 'வட ஆற்காடு' என்றிருந்தால் இன்றைக்கு அது பல மாவட்டங்கள். தாலுகா தெரிந்த பிறகு எழும்பூர் போய், அந்தக் காலத்துக் கிராமப் பட்டியலோடு ஒப்பிடலாம். நிலப் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் ஊர் தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கப்பலேறியவர்களில் பலருக்குப் பட்டாவே இருந்ததில்லை.