லண்டன் தவிர, இங்கிலாந்தில் ஒரே நாளில் அருங்காட்சியகமும் வரலாற்று இடிபாடுகளும் பார்க்க எங்கே போகலாம்?

"லண்டன் தவிர" என்று சேர்த்தீர்களே, அதற்காகவே பதில் எழுத உட்கார்ந்தேன். நான் வட இங்கிலாந்தில், நியூகாசிலில் ஐந்து வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஹேட்ரியன் சுவருக்குத்தான், அதாவது ரோமப் பேரரசர் ஹேட்ரியன் தன் வட எல்லையில் கட்டிய கற்சுவருக்குத்தான், அழைத்துப் போகிறேன். போன ஜூனில் அம்மாவைக் கூட்டிப்போன நாளையே சொல்கிறேன். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது இரண்டும் அதில் இருக்கிறது.

நியூகாசிலிலிருந்து ரயிலில் ஹெக்ஸாம் போக முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து சுவரை ஒட்டி ஒரு பஸ் ஓடுகிறது. அதன் எண்ணே ஏடி 122. ஹேட்ரியன் சுவர் கட்டத் தொடங்கிய ஆண்டு கி.பி. 122. குளிர்காலத்தில் இந்தப் பஸ்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள், அட்டவணை பார்த்துவிட்டுப் போங்கள். அது போகும் நெடுஞ்சாலைக்கும் ஒரு கதை உண்டு. 1745இல் பழைய ஸ்டுவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையேற்ற நடந்த ஜாக்கோபைட் கிளர்ச்சியின்போது படையை நாட்டின் குறுக்கே நகர்த்த நல்ல பாதை இல்லையென்று, பிற்பாடு சுவரைப் பெயர்த்து அந்தக் கல்லையே கொட்டிச் சாலை போட்டார்கள். 73 மைல் நீளச் சுவரில் பல இடங்களில் நீங்கள் சுவரின் மேலேயே பயணம் செய்கிறீர்கள்.

செஸ்டர்ஸ், ஹவுஸ்டெட்ஸ், விண்டொலாண்டா என்று மூன்று கோட்டைகளையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். அதுதான் தவறு. செஸ்டர்ஸில் குதிரைப்படை இருந்தது. டைன் ஆற்றின் வடகிளைக் கரையில் அவர்களுடைய குளியல் மண்டபம் இருக்கிறது. உடை மாற்றும் அறைச் சுவரில் வரிசையாக ஏழு மாடங்கள். அகல் வைக்கிற மாடம் என்றே அம்மா முடிவு கட்டிவிட்டார். பக்கத்தில் ஜான் கிளேட்டன் சேர்த்த கற்சிற்பங்களின் சிறிய அருங்காட்சியகம். அவர் நியூகாசில் வழக்கறிஞர். விவசாயிகள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவதைத் தடுக்கச் சுவர் ஓடும் நிலங்களையே விலைக்கு வாங்கியவர். அருமையான இடம்தான், ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஹவுஸ்டெட்ஸ் போய்ச் சேரும்போதே மதியம் ஆகிவிட்டது.

ஹவுஸ்டெட்ஸுக்குப் பஸ் நிறுத்தத்திலிருந்து மேட்டில் ஏற வேண்டும். முட்டி வலிக்காரர்களுக்கு இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. குடையை விரித்த மாத்திரத்தில் அது தாமரை போல மேல்நோக்கிப் பூத்தது. இங்கே எல்லோரும் கூடி நிற்கும் இடம் எது தெரியுமா? கழிப்பிடம். நடுவில் மேடை, இரு பக்கமும் ஆழமான வாய்க்கால், அதன்மேல் பலகைபோட்டு ரோமானிய வீரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். "ஏன்டி, திரை எதுவும் கிடையாதா?" என்று கேட்டார் அம்மா. கிடையாது. மழைநீரைத் தொட்டியில் தேக்கி வாய்க்காலை அலசியிருக்கிறார்கள் என்று சொன்னதும், "தண்ணீருக்கு யோசித்தவன் தட்டிக்கு யோசிக்கவில்லையே" என்றார். தானியக் கிடங்கையும் பாருங்கள். தரைக்கு அடியில் காற்று புக, குட்டையான கல் தூண்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். குதிருக்குக் கால் வைத்துக் கட்டுகிற அதே புத்தி.

இறங்கி வருவதற்குள் எங்கள் கண்முன்னேயே பஸ் போய்விட்டது. நிறுத்தத்தில் ஒரு மணி நேரம். கையில் எலுமிச்சைச் சோறு இருந்ததால் சண்டை வரவில்லை.

அதன் விளைவாக, உண்மையில் நாள் முழுவதையும் கொடுத்திருக்க வேண்டிய விண்டொலாண்டாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே கிடைத்தது. இந்தக் கோட்டை சுவருக்கும் மூத்தது, கி.பி. 85 வாக்கில் தொடங்கியது. ஒரு படை போய் இன்னொரு படை வரும்போது பழைய மரக் கட்டடங்களைத் தகர்த்து, மேலே களிமண்ணும் புல்கட்டியும் பரப்பிப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஈரம் இருக்கிறது, காற்று இல்லை. ஆகவே அடியில் மாட்டியது எதுவும் மக்கவில்லை. ஐயாயிரத்துக்கும் மேல் தோல் செருப்புகளும் காலணிகளும் கிடைத்திருக்கின்றன. அருங்காட்சியகத்தில் அவற்றை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு குழந்தைச் செருப்பு என் உள்ளங்கைக்குள் அடங்கும். இராணுவ முகாம் என்று நினைத்துப் போனவளுக்கு அந்தச் செருப்பைப் பார்த்த பிறகு எல்லாமே வேறு மாதிரித் தெரிந்தது. குத்துச்சண்டைத் தோலுறை, மரத்தாலான கழிப்பிட இருக்கை (அம்மா திருப்தியாகத் தலையசைத்தார்), ஒருவகைப் பாசி நாரில் பின்னிய தொப்பி எல்லாம் உண்டு.

ஆனால் நான் போகச் சொல்வது எழுத்துக்காக. 1973இல் வாய்க்கால் தோண்டும்போது தொல்லியலாளர் ராபின் பர்லிக்கு மெல்லிய மரச் சீவல்கள் கிடைத்தன. இரண்டு ஒட்டியிருந்ததைப் பிரித்தால் உள்ளே மை எழுத்து. காற்றுப் பட்டதும் அது மங்கிவிட, அகச்சிவப்புப் படம் எடுத்துத்தான் படித்தார்கள். அஞ்சலட்டை அளவு, ஓரிரு மில்லிமீட்டர் தடிமன். நம் ஓலைச்சுவடியை ஈரம் அழிக்கும்; இந்த ஏட்டை ஈரம்தான் காப்பாற்றியிருக்கிறது. கல்வெட்டில் பார்க்கிற கம்பீரமான ரோமன் எழுத்தை எதிர்பார்க்காதீர்கள். என் தாத்தாவின் மளிகைக் கடைப் பேரேட்டுக் கிறுக்கல்தான்.

விஷயமும் பேரேட்டு விஷயம்தான். காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருப்பதாக ஒரு கடிதம். கிளாடியா செவெரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்குத் தோழி சுல்பிசியா லெபிடினாவை அழைக்கும் இன்னொரு கடிதம், கி.பி. 100ஐ ஒட்டியது. எழுத்தர் எழுதி முடித்த பிறகு கடைசி வரிகளை அவளே தன் கையால் கோணலும் மாணலுமாகச் சேர்த்திருக்கிறாள். பெண் ஒருத்தி கைப்பட எழுதிய இலத்தீனில் இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. மூலம் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விண்டொலாண்டாவில் சில ஏடுகளைத்தான் இரவலாக வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மண்ணிலிருந்து எடுத்த இடத்திலேயே அது இருந்திருக்கலாம்.

இன்னொரு ஏட்டில் கடன் கணக்கு. தப்போ மகன் கம்பாக்ஸ், மிளகு, 2 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு). ரோமின் முதன்மைப் படையான லீஜியனின் வீரனுக்கே அப்போது ஆண்டுச் சம்பளம் 300 தெனாரியஸ்தான், ஆகவே அது ஏறக்குறைய இரண்டரை நாள் கூலி. பொன்னோடு வந்து கறியோடு (மிளகோடு) திரும்பும் யவனர் கலம் என்று முசிறியைப் பற்றிச் சங்கப் பாட்டு சொல்கிறதே, அந்தக் கரையிலிருந்து போன மிளகு, குளிரில் நடுங்கிய ஒரு கடைநிலை வீரனின் பற்றில் ஏறியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "கடனைத் திருப்பிக் கொடுத்தானா?" என்றுதான் கேட்டார்.

எனவே காலையில் ஹவுஸ்டெட்ஸ், பிறகு விண்டொலாண்டா, அவ்வளவு போதும். இரண்டுக்கும் டிக்கெட் தனித்தனி. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் தொடங்கும்வரை விண்டொலாண்டாவில் தன்னார்வலர்கள் தோண்டிக்கொண்டிருப்பார்கள், நின்று பேச்சுக் கொடுங்கள். சேற்றுக் கையோடு சந்தோஷமாக விளக்குவார்கள். காற்று புகாத மேலங்கி கட்டாயம், குடை வேண்டாம்.

வடக்கே வர நேரமே இல்லை, லண்டனிலிருந்து போய் வர வேண்டும் என்றால் பாத் நகரம். ரயிலில் ஒன்றரை மணி நேரம், ரோமானியர் குளித்த வெந்நீர் ஊற்று. எல்லோரும் பச்சைத் தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் நேரே ஈயத் தகடுகள் இருக்கும் பக்கம் போங்கள். குளிக்க வந்த இடத்தில் பொருளைப் பறிகொடுத்தவர்கள் தெய்வத்திடம் எழுதிப்போட்ட சாபங்கள் அவை. ஆனைமலை மாசாணியம்மன் சன்னிதியில் மிளகாய் அரைத்துப் பூசுகிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. டோசிமெடிஸ் என்பவர், திருடனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தொலைந்தது இரண்டு கையுறை.