ராத்தா, ட்ரடிஷனலா?

கேள்வி: எனக்கு வயது 36. மகள் பிறந்ததும் வேலையை விட்டேன், இரண்டு வருஷத்தில் மறுபடி போக எண்ணம். 401கே (கம்பெனி வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) பிடித்தம் போகக் கணவரின் வருமானம் 1,18,000 டாலர். வரி இருவரும் சேர்ந்தே தாக்கல் செய்கிறோம். கையில் 7,000 டாலர் சும்மா கிடக்கிறது. தோழி ராத் ஐ.ஆர்.ஏ.வில் போடு என்கிறாள் (ஐ.ஆர்.ஏ. என்பது நாமே திறக்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு; ராத் வகையில் வரி கட்டிய பணத்தைப் போட்டு, பின்னாளில் வரியில்லாமல் எடுக்கலாம்). கணவரோ, ட்ரடிஷனலில் போட்டால் இந்த வருஷமே வரி குறையும் என்கிறார். சம்பளமே இல்லாத நான் ஐ.ஆர்.ஏ. திறக்கலாமா? நாளைக்கு ஊருக்கே திரும்பிவிட்டால்?
– பெயர் வேண்டாம், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: தாராளமாகத் திறக்கலாம். சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதியில் ஒருவருக்குச் சம்பளம் இருந்தால் போதும், மற்றவர் பெயரிலும் போடலாம். கணக்கு உங்கள் பெயரில்தான் இருக்கும். கூட்டுக் கணக்காக ஐ.ஆர்.ஏ. திறக்க முடியாது. வரித் தாள் நிரப்பும் வேலையில் நான் பார்த்தவரை, வீட்டிலிருக்கும் பெண்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை.

கணவர் சொல்வதும் தப்பில்லை. ஆனால் எவ்வளவு குறையும் என்று பார்ப்போம். 2025க்கான நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 31,500 டாலர் போனால் வரிக்குரிய வருமானம் 86,500. தம்பதிக்கு 96,950 வரை 12 சதவீத வரிதான். ஆக 7,000 போட்டால் மிச்சம் 840 டாலர். நியூ ஜெர்சி மாநில வரியிலோ ஐ.ஆர்.ஏ.வுக்குக் கழிவே கிடையாது.

அந்த 840க்காக, பின்னாளில் எடுக்கும்போது மொத்தத்துக்கும் ஃபெடரல் வரி கட்டச் சம்மதிக்கிறீர்கள். நீங்கள் வேலைக்குத் திரும்பினால் இருவர் சம்பளமும் சேர்ந்து 22 சதவீதத்துக்குப் போய்விடும். இவ்வளவு குறைந்த வரி உங்கள் வீட்டுக்கு இந்த இரண்டு மூன்று வருஷம்தான். அதை இப்போதே கட்டிவிட்டு ராத்தில் போடுங்கள். தோழி பக்கம்தான் என் ஓட்டு.

வேலைக்குப் போனபின் கேள்வியே மாறும். அங்கும் 401கே இருந்து, கூட்டு வருமானம் 1,46,000ஐத் தாண்டினால் ட்ரடிஷனலில் கழிவு கிடைக்காது. கூட்டு வருமானம் 2,36,000 வரை இருந்தால் ராத்தில் முழுத் தொகையும் போடலாம். இவை 2025க்கான வரம்புகள், வருஷா வருஷம் கொஞ்சம் நகரும்.

பணம் முடங்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ராத்தில் நீங்கள் போட்ட அசலை எப்போது வேண்டுமானாலும் வரியோ அபராதமோ இல்லாமல் எடுக்கலாம். வளர்ந்த பணத்துக்குத்தான் கட்டுப்பாடு: வயது 59½ ஆக வேண்டும், முதல் ராத் தொடங்கி ஐந்து ஆண்டும் ஆகியிருக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பினாலும் கணக்கு உங்களுடையதுதான். ஆனால் அமெரிக்கா வரி கேட்காது என்பதால் இந்தியாவும் கேட்காது என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே முழுக் குடியிருப்பாளர் ஆகிவிட்டால் உலக வருமானம் எல்லாமே வரிக் கணக்கில் வரும். கிளம்பும் முன் இரு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டரைப் பாருங்கள்.

அப்புறம், நான் சூடுபட்ட கதை. என் முதல் ராத்துக்குப் பணம் அனுப்பிவிட்டு, முதலீடு ஆகிவிட்டது என்று மூன்று வருஷம் நிம்மதியாக இருந்தேன். திறந்து பார்த்தால் அத்தனையும் ரொக்கமாகவே உட்கார்ந்திருந்தது! கணக்கு திறந்தால் மட்டும் போதாது, உள்ளே போய் ஃபண்ட் வாங்க வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது. பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று போதும், பத்து வேண்டாம்.

2025க்கான 7,000 டாலரைப் போடக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 15. அதற்குள் அனுப்புவதானால், எந்த ஆண்டுக்கு என்று கேட்கும் இடத்தில் கவனமாக 2025ஐத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன ஐந்து ஆண்டுக் கெடுவும் 2025 ஜனவரி 1லிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.