சிங்கப்பூரில் வீவக வீடுகள் எப்படிக் கட்டுப்படியாகின்றன?

சிங்கப்பூரில் அரசு கட்டி விற்கும் வீடு சாதாரணச் சம்பளக்காரருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது, குடியேறிய பிறகு என்ன உதவி கிடைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

1960-இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில்தான் சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வசிக்கின்றனர். ‘சொந்த வீடு’ என்று சொன்னாலும் வாங்குவது 99 ஆண்டுக் குத்தகையைத்தான். புதிய வீடுகள் சந்தை விலையைவிடக் குறைவாக விற்கப்படுகின்றன. வருமானத்தைப் பொறுத்து மானியமும் சேர்கிறது. ஆனால், திட்டத்தின் உண்மையான அச்சாணி 1968-இல் வந்த ஏற்பாடு என்றே சொல்வேன்: மத்திய சேம நிதியில், அதாவது முதுமைக்கென மாதந்தோறும் சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கப்படும் நிதியில், சேர்ந்த சேமிப்பைக் கொண்டே முன்பணத்தையும் மாதத் தவணையையும் செலுத்தலாம் என்றானதால், கைக்கு வரும் சம்பளத்தை அதிகம் தொடாமலே பல குடும்பங்களால் கடனை அடைக்க முடிந்தது. (சேமிப்பு வீட்டிலேயே கரைந்தால் முதுமைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது தனி விவாதம்.)

வாங்க வழியில்லாத குடும்பங்களுக்கு வருமானத்துக்கேற்ற வாடகையில் ஓரறை, ஈரறை வீடுகள் உண்டு.

குடியேறிய பிறகான உதவியில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது முதியோருக்காக 2012-இல் தொடங்கிய திட்டம்: குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்துகிறார்கள், தரையை வழுக்காதபடி மாற்றுகிறார்கள், வாசற்படியில் சாய்தளம் அமைக்கிறார்கள், செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. கழகத்திடம் கடன் வாங்கியவர் வேலையிழந்து தவணை கட்டத் திணறினால், நிலுவை பெருகும் முன்பே அணுகுவது நல்லது. கடன்காலத்தை நீட்டிப்பது, சிறிய வீட்டுக்கு மாறுவது போன்ற வழிகளை அதிகாரிகள் அவருடன் கலந்து பேசுவார்கள்.