காப்பீட்டு அட்டை தொலைந்தால் சிகிச்சைப் பணமும் போய்விடுமா?

வாசகியின் கேள்வி: பேருந்துப் பயணத்தில் என் கைப்பை தொலைந்துவிட்டது. எங்கள் குடும்ப மருத்துவக் காப்பீட்டு அட்டையும், தனி ரேஷன் அட்டை வைத்திருக்கும் என் அம்மாவின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையும் அதில் இருந்தன. பணம் அதிகம் இல்லை என்பதால் போலீசுக்குப் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து என் கணவருக்குத் திடீரென்று குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனைதான். ஆனால் அங்கே இன்சூரன்ஸ் டெஸ்க்கில், "கார்டு இல்லாமல் கேஷ்லெஸ் போட முடியாது" என்று, காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பில் கட்டும் வசதியை மறுத்துவிட்டார்கள். நகையை அடகு வைத்து முழுத் தொகையையும் கட்டினோம். இப்போது பணத்தைத் திரும்பக் கேட்டால், "ஒரிஜினல் கார்டின் நகலும் எஃப்ஐஆர் நகலும் அனுப்புங்கள், இல்லையென்றால் கிளைம் மூடப்படும்" என்று, நிறுவனத்துக்காகக் கிளைம் வேலைகளைப் பார்க்கும் டிபிஏ-விலிருந்து மெயில் வந்திருக்கிறது. எங்கள் பணம் கிடைக்குமா? தொலைந்த அட்டையை வேறு யாராவது பயன்படுத்தினால் என்ன ஆகும்?

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரி, உங்கள் பணம் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது. அட்டை தொலைந்ததை மட்டும் காரணம் காட்டி அதை மறுக்க முடியாது.

உங்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையில் இருக்கும் ஒப்பந்தம் பாலிசிதான். பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள், பாலிசி நடப்பில் இருக்கிறது, சிகிச்சை நடந்திருக்கிறது. இந்த மூன்றும்தான் உங்கள் உரிமையின் அடிப்படை. அட்டை என்பது, இன்னார் இந்தப் பாலிசியில் இருக்கிறார் என்று மருத்துவமனை சீக்கிரம் தெரிந்துகொள்வதற்கான அடையாளச் சீட்டு, அவ்வளவே. பாஸ்புக் தொலைந்தால் வங்கியில் போட்ட பணம் போய்விடுவதில்லை அல்லவா, அதே கதைதான் இங்கேயும். பாலிசி எண்ணும் நோயாளியின் ஆதார் போன்ற ஓர் அடையாள ஆவணமும் இருந்தாலே நிறுவனத்தின் கணினியில் எல்லா விவரமும் வந்துவிடும். பெரும்பாலான நிறுவனங்களின் ஆப்பிலும் இணையதளத்திலும் இ-கார்டை உடனே இறக்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் அட்டைக்கு உள்ள மதிப்பு அதற்கும் உண்டு. வேலை செய்யும் கம்பெனி மூலமாகக் கிடைத்த குரூப் பாலிசி என்றால் ஹெச்ஆர் பிரிவில் கேட்டாலே அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே அன்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சொன்னது தவறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கை வந்த 1 மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சமயத்தில் இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால், அதையும் நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நேரக் கணக்கு, மருத்துவமனை கோரிக்கையை அனுப்பிய பிறகுதான் ஓடத் தொடங்கும். உங்கள் விஷயத்தில் டெஸ்க்கில் இருந்தவர் கோரிக்கையையே அனுப்பவில்லை என்று தெரிகிறது. அன்று நீங்கள் பாலிசி எண்ணைக் கொடுத்தீர்களா? கஸ்டமர் கேருக்குப் போன் செய்தீர்களா? செய்திருந்தால் அந்த அழைப்பின் தேதியையும் நேரத்தையும் போனிலிருந்து இப்போதே குறித்து வையுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உதவும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அட்டை இல்லை என்று டெஸ்க்கில் மறுத்தால் வாதாடிக்கொண்டு நிற்க வேண்டாம். "பாலிசி எண் இது, இதை வைத்து ப்ரீ-ஆத் (கேஷ்லெஸ் முன் அனுமதிக் கோரிக்கை) அனுப்புங்கள், முடியாது என்றால் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னதும் பல இடங்களில் கோரிக்கை போய்விடும். உயிருக்கு ஆபத்தான நிலையில் கொண்டுவரப்பட்டவருக்குக் காகிதம் இல்லை, பணம் இல்லை என்று முதல் சிகிச்சையை மறுப்பது வேறு வகையான தவறு. அவசரச் சிகிச்சை அளிப்பது அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் கட்டாயக் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

சரி, இப்போது டிபிஏ கேட்கும் இரண்டு ஆவணங்களுக்கு வருவோம்.

தொலைந்துபோன அட்டையின் நகலைக் கேட்பதில் பொருளே இல்லை. இ-கார்டை இறக்கி அதன் பிரதியை அனுப்புங்கள், பாலிசியின் முதல் பக்கத்தையும் சேர்த்து.

எஃப்ஐஆர் என்பது காவல்துறை நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வரும்போது பதிவாவது. பொருள் எங்கோ தவறி விழுந்தது குற்றம் அல்ல, அதற்கு எஃப்ஐஆர் போட மாட்டார்கள். அதற்கென்று தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் 'தொலைந்த ஆவண அறிக்கை' என்ற வசதி இருக்கிறது. அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்றவை தொலைந்தால் வீட்டிலிருந்தே பதிவு செய்து அறிக்கையை இறக்கிக்கொள்ளலாம். உங்கள் பை உண்மையில் எந்தத் தேதியில், எந்தப் பயணத்தில் காணாமல் போனதோ அதை அப்படியே எழுதுங்கள். தாமதமாகப் பதிவு செய்கிறீர்கள் என்பதால் பயப்பட வேண்டாம். ஆனால் எஃப்ஐஆர் கேட்கிறார்களே என்பதற்காக, தொலைந்ததைத் திருட்டு என்று மாற்றிப் புகார் கொடுக்காதீர்கள். யாராவது அப்படி யோசனை சொல்லக்கூடும். பொய்ப் புகார் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். அதோடு, நியாயமாக வர வேண்டிய உங்கள் கிளைமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பை பறிக்கப்பட்டதாகவோ திருடப்பட்டதாகவோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டும் காவல் நிலையத்தில் திருட்டுப் புகார் கொடுங்கள்.

உங்கள் பக்கம் வலுவாக நிற்கும் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. குர்மேல் சிங் எதிர் நேஷனல் இன்சூரன்ஸ் வழக்கில், திருடுபோன லாரிக்கு இழப்பீடு கேட்டவரிடம் ஆர்சி எனும் வாகனப் பதிவுச் சான்றின் சான்றிட்ட நகலைக் கேட்டு நிறுவனம் பணத்தை நிறுத்தி வைத்தது. கையை மீறிய சூழ்நிலையால் காப்பீடு எடுத்தவர் தர முடியாத ஆவணங்களைக் கேட்டு, வெறும் தொழில்நுட்பக் காரணத்துக்காகக் கிளைமை மறுக்கக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வாகன வழக்கு என்றாலும் அதில் சொன்ன கொள்கை உங்களுக்கும் பொருந்தும். அது மட்டுமல்ல, மேலே சொன்ன 2024 சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் கிளைம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் எந்தக் கிளைமையும் நிராகரிக்க முடியாது. நிராகரித்தால் பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். "கிளைம் மூடப்படும்" என்று டிபிஏ எழுதிய ஒற்றை வரியில் இவை எதுவுமே இல்லை. டிபிஏ ஓர் இடைத்தரகு அமைப்புதான். பணம் தர வேண்டிய பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துடையது. இனி மெயிலை இரு தரப்புக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

மெயிலில் இப்படி எழுதலாம்: "எங்கள் அட்டை இன்ன தேதியில் தொலைந்துவிட்டது. காவல்துறையின் தொலைந்த ஆவண அறிக்கையும் இ-கார்டும் இணைத்துள்ளேன். குற்றம் ஏதும் நடந்ததாகத் தெரியாததால் எஃப்ஐஆர் இல்லை. பாலிசி நடப்பில் இருந்ததையும், சிகிச்சை பெற்றவர் பாலிசியில் உள்ளவர் என்பதையும் உங்கள் பதிவுகளிலேயே சரிபார்க்கலாம். உங்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனை அட்டை இல்லை என்று கூறி கேஷ்லெஸ் கோரிக்கையை அனுப்ப மறுத்ததால் முழுத் தொகையையும் நாங்களே செலுத்தினோம். கிளைமைத் தீர்த்து வையுங்கள். மறுப்பதானால் எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள்." கோபத்தை இதில் கொட்ட வேண்டாம். இந்த மெயிலை நாளைக்கு ஒரு நடுவர் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, விவரப்படுத்திய இறுதி பில், பணம் கட்டிய ரசீதுகள், பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டும் பில்லும் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்ட பிறகே ஒரிஜினலைக் கொடுங்கள்.

இதற்கும் அவர்கள் அசையவில்லை என்றால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். கூடவே ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதம் வரை பதில் வராவிட்டாலோ, வந்த பதில் உங்களுக்கு ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. அங்கே வழக்கறிஞரை வைத்து வாதாடவும் அனுமதி இல்லை, நீங்களே பேசலாம். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களைக் கட்டுப்படுத்தாது, திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் போய்விட வேண்டும். வழக்கறிஞராக இருந்தும் சொல்கிறேன், உங்கள் பிரச்சினைக்கு இதுவே சரியான இடம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் அந்தப் புகாரை எடுக்க மாட்டார், அதனால் வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

மருத்துவமனை மீதும் நடவடிக்கை எடுக்கலாமா என்று உங்கள் மனதில் இருக்கும். எடுக்கலாம். கேஷ்லெஸ் வசதி தருவதாக ஒப்புக்கொண்டு பட்டியலில் இடம்பெற்ற மருத்துவமனை, தகுந்த காரணமின்றிக் கோரிக்கையை அனுப்ப மறுப்பது சேவைக் குறைபாடுதான். நகை அடகுக்குக் கட்டிய வட்டியையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் கேட்கலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு போடலாம், 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் அவர்கள் மறுத்ததற்கு எழுத்தில் எதுவும் உங்களிடம் இல்லை. "இவர்கள் கேஷ்லெஸ் கேட்கவே இல்லை" என்று மருத்துவமனை சொன்னால் நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் வரும். கட்டிய பணம் நிறுவனத்திடமிருந்து முதலில் வரட்டும், அப்புறம் இதை யோசிக்கலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதில்தான் நீங்கள் தாமதிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். மருத்துவமனைகள் புகைப்பட அடையாளமும் கேட்பதால், கண்டெடுத்தவர் உங்கள் அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெறுவது அவ்வளவு சுலபம் இல்லை. ஆனாலும் நடக்காது என்று சொல்ல மாட்டேன். நடந்தால் உங்கள் காப்பீட்டுத் தொகையில் அவ்வளவு குறைந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, இன்னொருவரின் நோய் உங்கள் குடும்பத்தினர் பெயரில் பதிவாகிவிடுவது. இல்லாத சர்க்கரை நோயோ இதய நோயோ உங்கள் கணவரின் பெயரில் ஏறியிருந்தால், பிறகொரு நாள் உண்மையான கிளைம் போடும்போது "முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள்" என்று அதைக் காட்டி மறுப்பார்கள். அந்த நேரத்தில், அது நான் இல்லை என்று நிரூபிப்பது பெரும்பாடு. ஆகவே அட்டை தொலைந்த நாளிலிருந்து இன்றுவரை உங்கள் பாலிசியில் பதிவான கிளைம்களின் விவரத்தை அதே மெயிலிலேயே கேட்டு வாங்குங்கள். பழைய அட்டை தொலைந்தது என்று நிறுவனத்தின் பதிவில் ஏற்றச் சொல்லி ஒப்புகையும் கேளுங்கள். பாலிசியில் இருக்கும் செல்போன் எண் இப்போது நீங்கள் பயன்படுத்துவதுதானா என்றும் பாருங்கள், கிளைம் பற்றிய எஸ்எம்எஸ் அதற்குத்தான் வரும். யாரோ பயன்படுத்தியிருப்பது தெரிந்தால் அது ஆள்மாறாட்ட மோசடி. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-வது பிரிவின்படி 5 வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. அப்போது எஃப்ஐஆர் பதிவு செய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

பையில் ஆதார் அட்டையும் இருந்திருந்தால் அதன் பயோமெட்ரிக்கை (கைரேகை, கண் பதிவுகளை) பூட்டி வையுங்கள், ஆதார் உதவி எண் 1947-ல் கேட்டால் வழி சொல்வார்கள். "புது கார்டு அனுப்புகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது போன் செய்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி எடுக்காமல் பாலிசி ஆவணத்தில் உள்ளதையே பயன்படுத்துங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக உங்கள் அம்மாவின் அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பயனாளி விவரம் ரேஷன் அட்டையோடு இணைந்திருக்கிறது. அட்டை இல்லாவிட்டாலும் அம்மாவின் பெயர் பதிவில் இருக்கும். ரேஷன் அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் பாதுகாப்பு அது. அம்மாவுக்கு இப்போது நோய் ஒன்றும் இல்லை என்று தள்ளிப்போடாமல், உங்கள் மெயிலை அனுப்பிய கையோடு அந்த வேலையையும் முடித்துவிடுங்கள்.